எட்டாவது முடிச்சா எந்தப் பஸ்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)



இன்னைக்கு ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்கிறேன். போன மாசம் ஊர்லேர்ந்து எங்க தெரு அக்கா கூப்பிட்டாங்க. என்னைவிட ரெண்டு வயசு பெரியவங்க. ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சோம். "பாப்பா, எம் பொண்ணு எட்டாவது. அடுத்த வருஷம் வெளியூர்ப் பள்ளிக்கூடம் போகணும். அந்த எட்டே கால் வண்டி இருக்குல்ல, அத ஏழு மணிக்கு மாத்திட்டாங்க. அடுத்த வண்டி ஒன்பதே முக்கால். டைம் மாத்தச் சொல்லி யாருகிட்ட எழுதிக் குடுக்கணும்? நீ படிச்ச பொண்ணு, கேட்டுச் சொல்லேன்."

நானும் சரிக்கா, ஒரு நாள்ல கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன். மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரத்துல தெரிஞ்சுக்கிட்டதுதான் இந்த எபிசோட்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப ஜிஎஸ்டி ரோட்டுல நீங்க தூங்கிக்கிட்டே தாண்டுற இடம்தான். திண்டிவனம் முடிஞ்சு, கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி டோல்கேட், அப்புறம் விழுப்புரம். இந்த ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் உள்ளே போனா சின்னச் சின்ன ஊர்கள். கரும்பு, நெல், மணிலா. மணிலான்னா வேர்க்கடலை, எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். எங்க ஊர் மயிலம் ஒன்றியத்துல இருக்கு. ஊர் பேர் வேண்டாம், ஏன்னா இது அந்த ஒரு ஊரோட கதை மட்டும் இல்ல.

யாரோட பள்ளிக்கூடம்?

அமெரிக்க சீரிஸ் பாக்குறவங்களுக்கு 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்'னு ஒரு வார்த்தை பழக்கமா இருக்கும். அங்க பத்து பன்னிரண்டு சின்ன ஊர் சேர்ந்து ஒரு பள்ளி மாவட்டமா இருக்கலாம். நாடு முழுக்க சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள். பெரும்பாலானவற்றுக்கு ஊர்மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஒரு குழு உண்டு. சொத்து வரியில ஒரு பங்கு அதுக்குப் போகும். பல இடத்துல அந்த மஞ்சள் பஸ்ஸை ஓட்டுறதும் அதே மாவட்டம்தான். பணக்கார ஊருக்கு நல்ல பள்ளி, ஏழை ஊருக்கு மோசமான பள்ளின்னு அதுலயும் பெரிய பிரச்சினை இருக்கு. ஆனா பஸ் வரலைன்னா யாரைக் கேக்கணும்னு ஒரு அம்மாவுக்குத் தெரியும்.

நம்ம ஊர்லயும் 'கல்வி மாவட்டம்'னு ஒண்ணு இருக்கு. விழுப்புரம் கல்வி மாவட்டம், திண்டிவனம் கல்வி மாவட்டம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா அதுக்குத் தேர்தல் கிடையாது, சொந்த வரி கிடையாது, சொந்தமா ஒரு பஸ்ஸும் கிடையாது. அது அதிகாரிகளோட எல்லை. மேலே விழுப்புரத்துல முதன்மைக் கல்வி அலுவலர், சி.இ.ஓ. அவருக்குக் கீழ மாவட்டக் கல்வி அலுவலர், டி.இ.ஓ. ஒன்றிய அளவுல வட்டாரக் கல்வி அலுவலர், பி.இ.ஓ. விழுப்புரம் மாவட்டத்துல இப்ப 13 ஒன்றியம் இருக்கு.

இந்த ஏணியும் அடிக்கடி மாறும். 2018 வரைக்கும் தொடக்கப் பள்ளிகளுக்குத் தனி அதிகாரி இருந்தாங்க. 2018ல எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து, கல்வி மாவட்டங்களோட எண்ணிக்கையைக் கூட்டினாங்க. 2022ல திரும்பவும் தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளின்னு பிரிச்சாங்க. இதுக்கு நடுவுல 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாப் போயிடுச்சு. விழுப்புரமே 1993ல தென்னாற்காட்டுல இருந்து பிரிஞ்ச மாவட்டம்தான்.

இப்ப அக்காவோட கேள்விக்கு வாங்க. அவங்க பொண்ணு படிக்கிறது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அது தொடக்கக் கல்வி அலுவலர் பக்கம். சேரப்போறது அரசு உயர்நிலைப் பள்ளி. அது இடைநிலைக் கல்வி அலுவலர் பக்கம். நடுவுல இருக்கிற ஏழு கிலோமீட்டர் ரோடு? அது ரெண்டு பேர் பக்கமும் இல்ல. பஸ் டைம் போக்குவரத்துக் கழக டெப்போவுல முடிவாகுது. அங்க யாருக்கும் எட்டாவது முடிக்கிற பிள்ளைங்க லிஸ்ட் போறதில்ல.

ஓடு ஒழுகினா ஒரு ஆபீஸ், வாத்தியார் வரலைன்னா இன்னொரு ஆபீஸ்

இது ஏன் இப்படி ஆச்சு? கொஞ்சம் பழைய கதை. தென்னாற்காடு ஜில்லாவா இருந்த காலத்துல கிராமப் பள்ளிகள் பலதும் ஜில்லா போர்டு கையில இருந்துச்சு. அப்புறம் 1958 பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு போய் ஊராட்சி ஒன்றியங்கள் வந்துச்சு. தொடக்கப் பள்ளிகள் ஒன்றியத்துக்கு வந்தது. பள்ளிச் சுவர்ல 'ஊ.ஒ.தொ.பள்ளி'ன்னு எழுதியிருக்கும் பாருங்க, அது அந்தக் காலத்து மிச்சம்.

1981 ஜூன் 1ஆம் தேதி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் அரசு ஊழியர்கள் ஆனாங்க. ஆசிரியர்களுக்கு அது பெரிய விடுதலை. ஒன்றியத்துல யார் சேர்மன்ங்கிறதைப் பொறுத்து சம்பளமும் டிரான்ஸ்ஃபரும் ஆடுற நிலைமை போச்சு. ஆனா கட்டடம் ஒன்றியத்துகிட்டயே நின்னுடுச்சு. இன்னைக்கும் வாத்தியார் பணியிடம் காலின்னா பி.இ.ஓ. ஆபீஸ், ஓடு ஒழுகினா பி.டி.ஓ. ஆபீஸ்.

இதுல இன்னொரு அடுக்கும் இருக்கு. நம்ம மாவட்டத்துல ஊர், காலனின்னு தனித்தனியா இருக்கிறது உங்களுக்குத் தெரியும். காலனிப் பக்கம் சில இடத்துல ஆதிதிராவிடர் நலப் பள்ளி இருக்கும். அது வேற துறை. அரை கிலோமீட்டர்ல ரெண்டு அரசுப் பள்ளி, ரெண்டு துறை, ரெண்டு ஜாதிப் பிள்ளைங்க. எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறைக்கு மாத்தப்போறதா 2023 பட்ஜெட்ல அறிவிச்சாங்க. அந்தப் பள்ளிகளோட சொத்தும் பணியிடமும் பறிபோயிடும்னு தலித் அமைப்புகள்ல இருந்தே எதிர்ப்பு வந்துச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டை அது. அதுக்குத் தனி எபிசோடே வேணும்.

மூணு தாண்டல்

ஒரு கிராமத்துப் பிள்ளை அரசுப் பள்ளியில பன்னிரண்டாவது வரைக்கும் போகணும்னா பெரும்பாலும் மூணு தடவை பள்ளி மாறணும். அஞ்சுலேர்ந்து ஆறு. எட்டுலேர்ந்து ஒன்பது. பத்துலேர்ந்து பதினொண்ணு. ஒவ்வொரு தாண்டலுக்கும் தூரம் கூடும். விதிப்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ள, எட்டாவது வரைக்கும் மூணு கிலோமீட்டருக்குள்ள, உயர்நிலைப் பள்ளி அஞ்சு கிலோமீட்டருக்குள்ளன்னு கணக்கு. நிஜத்துல ரோடு நேரா போகாது. ஏரியைச் சுத்திப் போகும், வாய்க்காலைச் சுத்திப் போகும். எங்க பக்கம் ஜிஎஸ்டி ரோட்டையே தாண்டியாகணும்.

தமிழ்நாட்டு அரசு பிள்ளைங்களுக்கு நிறைய செய்யுது. அதை ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும். 1956ல காமராஜர் மதிய உணவு, 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022 செப்டம்பர்ல காலை உணவு, 2023 ஆகஸ்ட்ல அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. புத்தகம் இலவசம், பஸ் பாஸ் இலவசம்.

ஆனா ஒரு பேப்பரை எடுத்து, எது எந்த வகுப்புல நிக்குதுன்னு எழுதிப் பாருங்க. நான் எழுதிப் பார்த்தேன். காலைச் சாப்பாடு அஞ்சாவதோட நிக்குது. இலவசச் சீருடை எட்டாவதோட நிக்குது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுலேர்ந்து 14 வயசு வரைக்கும்தான், அதுவும் எட்டாவதோட நிக்குது. சைக்கிள் எப்ப வருது? பதினொண்ணாவதுல.

அதாவது, சட்டமும் சீருடையும் நிக்குற அதே இடத்துல தூரம் கூடுது. சைக்கிள் ரெண்டு வருஷம் கழிச்சு வருது. நடுவுல ஒன்பதாவது, பத்தாவது. பொண்ணு வயசுக்கு வந்து, வீட்டுல எல்லாரும் கணக்குப் போட ஆரம்பிக்கிற அதே ரெண்டு வருஷம்.

அக்கா நின்னது அங்கதான். நல்லாப் படிப்பாங்க. கணக்குல என்னைவிடக் கெட்டி. எட்டாவது முடிச்சதும், "பொட்டப்புள்ள தனியா மெயின்ரோட்டத் தாண்டி எப்படிப் போகும்?"னு வீட்டுல கேட்டாங்க. யாரும் கொடுமைக்காரங்க இல்ல. பயந்தாங்க, அவ்வளவுதான். ரெண்டு வருஷம் கழிச்சு நான் எட்டாவது முடிச்சப்ப அதே கேள்வி எங்க வீட்டுலயும் வந்தது. எங்கண்ணன் அப்ப பதினொண்ணாவது. அதே வண்டியில போனான். "அண்ணன்கூட போகட்டும்"னு விட்டாங்க.

நான் இன்னைக்கு மைக் முன்னாடி உக்காந்து பேசுறதுக்கும், அக்கா நூறு நாள் வேலைக்குப் போறதுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் மார்க் இல்ல. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். அவங்களுக்கு இல்ல.

இது வெறும் சென்டிமென்ட் இல்ல, கணக்காவே பார்த்திருக்காங்க. பீகார்ல 2006ல ஒன்பதாவது சேர்ற பொண்ணுங்களுக்கு சைக்கிள் குடுக்க ஆரம்பிச்சாங்க. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ச்சி பண்ணாங்க. உயர்நிலைப் பள்ளியில பொண்ணுங்க சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைஞ்சிருந்தது. அதுவும் பள்ளி மூணு கிலோமீட்டருக்கு மேல இருந்த ஊர்கள்லதான் பலன் அதிகம். மேற்கு வங்கத்துலயும் ஒன்பதாவதுலயே குடுக்குறாங்க.

நம்ம மாநிலம் பீகாரைவிடப் படிப்புல எவ்வளவோ முன்னாடி இருக்கு, சரி. ஆனா 2011 கணக்குல தமிழ்நாட்டு எழுத்தறிவு 80 சதவீதம், விழுப்புரம் கிட்டத்தட்ட 72. மாநிலச் சராசரிக்குள்ள விழுப்புரம் மாதிரி மாவட்டம் ஒளிஞ்சுக்கும். மாவட்டச் சராசரிக்குள்ள எங்க அக்கா மாதிரி ஆளுங்க ஒளிஞ்சுப்பாங்க.

பஸ் மட்டும் இல்ல, பேப்பரும்

சிலருக்குப் பஸ் இருந்தாலும் தாண்ட முடியாது. திண்டிவனம், மரக்காணம், வானூர் பக்கம் இருளர் குடும்பங்கள் நிறைய. பலரும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் போறவங்க. சீசனுக்கு அப்பா அம்மா கிளம்பினா பிள்ளையும் கிளம்பணும். திரும்பி வர்றப்ப பாதி வருஷம் போயிருக்கும்.

அதைத் தாண்டிப் படிச்சாலும், பழங்குடிச் சான்றிதழ் வேணும். மத்தவங்களுக்கு தாசில்தார் ஆபீஸோட முடியும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர், அதாவது திண்டிவனத்துல சப் கலெக்டர் வரைக்கும் போகணும். விசாரணை நடக்கும். அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கான்னு கேப்பாங்க. பள்ளிக்கூடமே பார்க்காத அப்பாகிட்ட என்ன இருக்கும்? சான்றிதழ் இல்லைன்னா உதவித்தொகை, இட ஒதுக்கீடு எல்லாம் நிக்கும்.

இதுக்காகப் பல வருஷமா வேலை செய்யறவர் பேராசிரியர் பிரபா கல்விமணி. கல்யாணின்னும் சொல்லுவாங்க. திண்டிவனம் அரசுக் கல்லூரியில இயற்பியல் பேராசிரியரா இருந்தவர். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை உருவாக்கினவர். திண்டிவனம் ரோசணையில தாய்த்தமிழ்ப் பள்ளியும் நடத்தினார். அவர் வேலையைப் பார்த்து நான் புரிஞ்சுக்கிட்டது ஒண்ணு: பள்ளிக்கூடம் கட்டிட்டா வேலை முடியறதில்ல. அந்தப் பிள்ளைகூட ஆபீஸ் வாசல் வரைக்கும் ஒருத்தர் நடக்கணும்.

நம்ம கையில இருக்கிற ஒரு கதவு

சரி, அக்காவுக்கு என்ன சொன்னேன்?

முதல் வாரம் போன் போட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு ஆபீஸ்ல இன்னொரு ஆபீஸைக் காட்டினாங்க. யாரும் தப்பாப் பேசல. 'எங்க லிமிட் இல்ல மேடம்'னாங்க. அது உண்மையும்கூட.

ரெண்டாவது வாரம், ஊர்ல ஒரு ரிட்டயர்டு டீச்சர் சொன்னாங்க. "நீ தனியா எழுதினா அது மனு. எஸ்.எம்.சி.யில போட்டா தீர்மானம்."

எஸ்.எம்.சி.ன்னா பள்ளி மேலாண்மைக் குழு. அதே கட்டாயக் கல்விச் சட்டத்தோட 21ஆவது பிரிவு. நாலுல மூணு பங்கு பெற்றோர், மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டுல 2022ல எல்லா அரசுப் பள்ளியிலயும் புதுசா அமைச்சாங்க, 2024ல திரும்பவும் அமைச்சாங்க. அப்ப முன்னாள் மாணவர்களுக்கும் இடம் குடுத்தாங்க. நம்ம நாட்டுல அந்த அமெரிக்க 'ஸ்கூல் போர்டு'க்குக் கிட்ட வர்றது இதுதான். வரி போட முடியாது, வாத்தியாரை நியமிக்க முடியாது. ஆனா கூடலாம், பேசலாம், எழுதி அனுப்பலாம்.

இதுலயும் ஓட்டை இருக்கு. குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி. எட்டாவது வரைக்கும் இருக்கிற பள்ளியோட குழு எட்டாவதோட கண்ணை மூடிக்கும். உயர்நிலைப் பள்ளிக் குழு, வந்து சேர்ந்த பிள்ளையை மட்டும்தான் பார்க்கும். வராத பிள்ளையை யார் பார்க்கறது? கம்ப்யூட்டர்ல, எமிஸ்ல அந்தப் பேர் இருக்கும். ஆனா பேர் வேற, போய்க் கதவைத் தட்டுறது வேற.

என்னைக் கேட்டா கேக்க வேண்டியது பெரிய சீர்திருத்தம் இல்ல. ஒவ்வொரு ஏப்ரலும், உயர்நிலைப் பள்ளிக் குழுவும், அதுக்குப் பிள்ளை அனுப்புற நாலஞ்சு நடுநிலைப் பள்ளிக் குழுவும் ஒரு நாள் சேர்ந்து உக்காரணும். எட்டாவது முடிக்கிற பிள்ளைங்க பட்டியலை மேசையில வைக்கணும். யாருக்கு எந்த வண்டி, யாருக்குச் சான்றிதழ் வரல, யார் வீட்டுல தயங்குறாங்கன்னு பேர் பேரா பேசணும். சைக்கிளை ஒன்பதாவதுக்குக் கொண்டு வரணும். இவ்வளவுதான்.

அக்கா எஸ்.எம்.சி. கூட்டத்துக்குப் போனாங்க. "எட்டாவது படிச்சவ நான் என்ன பேசுறது?"ன்னு கேட்டாங்க. "எட்டாவதோட ஏன் நிறுத்துனீங்கன்னு பேசுங்கக்கா"ன்னேன். பேசியிருக்காங்க. அதுக்கப்புறம் பக்கத்து ரெண்டு ஊர்லயும் விசாரிச்சதுல, அந்த எட்டே கால் வண்டி தேவைப்படுற பிள்ளைங்க பதினோரு பேர்னு தெரிஞ்சது. அதுல ஏழு பேர் பொண்ணுங்க. அதுவரைக்கும் ஒவ்வொரு வீடும் இது தன் வீட்டுப் பிரச்சினைன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

தீர்மானத்தோட பதினோரு பேரையும் எழுதி, திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுத்தாங்க. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்கிறதால கைக்காசு பெருசா ஆகல. ரசீது நம்பர் வந்திருக்கு. பதில் இன்னும் வரல.

கேக்குறவங்கள்ல அரசுப் பள்ளியில படிச்சவங்க நிச்சயம் இருப்பீங்க. ரெண்டு விஷயம் சொல்றேன். உங்க பழைய பள்ளியோட எஸ்.எம்.சி. கூட்டம் எப்பன்னு தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. முன்னாள் மாணவரா உங்களுக்கு அங்க ஒரு நாற்காலி இருக்கு. ரெண்டாவது, ஊர்ல யாராவது எட்டாவது படிச்சா, என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதச் சொல்லுங்க. பாஸாகித் தேர்வானா ஒன்பதாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபாய். அந்த ரெண்டு வருஷப் பள்ளத்தைத் தாண்ட அது ஒரு பலகை மாதிரி.

நேத்து அக்கா திரும்பக் கூப்பிட்டாங்க. வண்டி மாறலைன்னாலும் பொண்ணை நிறுத்தப் போறதில்லையாம். ஏழு பொண்ணுங்க ஒண்ணா ஏழு மணி வண்டியிலயே போகட்டும், பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் உக்கார ஒரு இடம் மட்டும் வேணும்னு ஹெச்.எம். கிட்ட கேக்கப்போறாங்களாம்.

ஜூன்ல பள்ளி திறக்கும். வண்டி வந்துச்சான்னு அப்ப சொல்றேன்.